பெயர் வெட்டாத பாத்திரங்கள்

பானை ஓட்டில் எழுத்து இருந்தால் அது செய்தி. கீறல் இருந்தால் ஆய்வரங்கம். இரண்டும் இல்லாமல் சாம்பல் நிறத்தில், ஒரு பக்கம் கரி ஏறி, உள்பக்கம் சொரசொரவென்று கிடந்தால் பொறுக்கி ஓரமாகப் போட வேண்டிய சமாச்சாரம். தமிழ்நாட்டில் கடந்த பத்து வருடமாகத் தொல்லியல் பற்றி நாம் பொதுவெளியில் பேசிவரும் லட்சணம் இதுதான். நான் அந்த மூன்றாவது ஓட்டின் சார்பாகப் பேசப்போகிறேன். தன் சார்பாகப் பேச அதனிடம் எழுத்து இல்லை.

நான் தொல்லியல் படித்தவன் கிடையாது. பொறியியல் படித்து மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். திருநின்றவூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய்வரும் நேரத்தில் அகழாய்வு அறிக்கைகளை ஃபோனில் படிக்கும் கெட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தகுதியில்லாத தகுதியை வைத்துக்கொண்டு எதற்குச் சண்டைக்கு வருகிறேன் என்றால், இது தொல்லியலாளர்களோடு மட்டும் போடும் சண்டை இல்லை. அவர்களில் பலருக்கு நான் சொல்லப்போவது நன்றாகவே தெரியும். இது நம்மோடு, அதாவது அந்த அறிக்கைகளைப் படிக்காமல் அதன் தலைப்புச் செய்தியை மட்டும் பகிர்கிற ஆட்களோடு போடும் சண்டை.

நமக்குத் தெரிந்த தொல்லியல் சில எண்களால் ஆனது. 2019 செப்டம்பரில் கீழடி நான்காம் கட்ட அகழாய்வு அறிக்கை வெளியானபோது கி.மு. 580. 2021இல் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155. 2025 ஜனவரியில் அதே சிவகளையிலிருந்து இரும்போடு சேர்த்து கி.மு. 3345. ஒவ்வொரு எண்ணும் வந்த அன்று வாட்ஸ்அப்பில் பட்டாசு வெடித்தோம். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. எதிரணி யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கீழடி முதல் இரண்டு கட்டங்களின் அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தும், 2025இல் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புகிற டெல்லி எதிரணியாகத்தான் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் கோபத்தில் நாம் அவர்களுடைய அளவுகோலையே பிடுங்கி வந்து அதிலேயே நம்மை அளந்துகொண்டிருக்கிறோம். எவ்வளவு பழசு, எழுத்து இருக்கா, இரண்டே கேள்வி. மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டால், இதில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டால், "ஏன் சார், நம்ம பெருமையில உங்களுக்கு சந்தோஷமே இல்லையா" என்கிறார்கள்.

அதே நான்காம் கட்டத்தில் தமிழி எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. குவிரன், ஆதன் என்ற பெயர்களை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டோம். குழந்தைக்கு ஆதன் என்று பெயர் வைத்தவர்களை எனக்குத் தெரியும். நல்ல பெயர். ஆனால் 56 என்பது பின்னத்தின் மேலே இருக்கும் தொகுதி மட்டும். கீழே இருக்க வேண்டிய பகுதி எங்கே? மொத்தம் எத்தனை ஓடு? எந்த அடுக்கில் எத்தனை? அதில் சமையல் பானை எத்தனை, தண்ணீர்ப் பானை எத்தனை, உண்கலம் எத்தனை? இந்த எண்கள் அறிக்கையில் எங்கோ ஓர் அட்டவணையில் இருந்தாலும் செய்தியில் வராது, மேடையில் வராது, நம் கட்டுரைகளிலும் வராது. ஆறாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பகுதி இல்லாத பின்னத்துக்கு மார்க் போடமாட்டார். நாம் விழா எடுக்கிறோம்.

என் தொழிலில் ஒரு நிரல் ஓடும்போது அது லட்சக்கணக்கான வரிகளைப் பதிவேட்டில் எழுதித் தள்ளும். பெரும்பாலானவை 'வேலை வந்தது, முடிந்தது' என்கிற சாதா வரிகள். நடுவில் சில சிவப்பு வரிகள் வரும். புதிதாகச் சேர்ந்த பையன் சேமிப்பிடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று சிவப்பு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தால் அடுத்த நாளே மாட்டிக்கொள்வான். ஐம்பது பிழை வந்திருக்கிறது சரி, எத்தனை வேலையில் ஐம்பது? நூற்றில் ஐம்பதா, கோடியில் ஐம்பதா? அழித்த வரிகளில்தான் பதில் இருந்தது.

சரி, எழுத்து முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். ஐராவதம் மகாதேவன் வாழ்நாளைக் கொடுத்து நமக்குப் படித்துக்காட்டியதை நான் குறைத்துச் சொல்வேனா? ஆனால் அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அரசன் வெட்டிய கல்லில் இல்லை. சுட்டு முடித்த மண்கலத்தின் தோளில், கூரான எதையோ வைத்துக் கீறிய பெயர் அது. நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற வழக்கம் இருக்கிறதே, அதுதான். கல்யாணச் சீரில் வந்த குண்டானில் அம்மாவின் பெயர், பக்கத்து வீட்டுக்கு சாம்பார் கொடுத்தால் திரும்பி வரவேண்டிய தூக்கில் அப்பாவின் முதலெழுத்து. இப்போது உங்கள் வீட்டுச் சமையலறையை ஒரு மண்மேடு மூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் வருடம் கழித்து ஒருவன் வந்து தோண்டி, பெயர் வெட்டிய நாலு பாத்திரத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறான். இட்லித் தட்டு, பால் பொங்கிக் கருகிய சட்டி, அடிபிடித்த குக்கர், புளி ஊறவைக்கும் கிண்ணம் எல்லாம் சாக்குமூட்டையில். அவனுக்கு உங்கள் அம்மா பெயர் தெரியும். அம்மா என்ன செய்தாள் என்று தெரியாது.

சாம்பல் நிற ஓடு என்று சொன்னேன். அது என்ன, எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் எனக்கு இதில் உண்மையிலேயே பிடித்த இடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மூர்க் களிமண்ணில் பெரும்பாலும் இரும்பு இருக்கிறது. சூளையில் காற்று தாராளமாகப் போனால் அந்த இரும்பு சிவக்கும். காற்றை அடைத்துப் புகையவிட்டால் அதே மண் சாம்பலாகும், கருப்பாகும். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்று படாத உள்பக்கமும் வாய்விளிம்பும் கருத்து, வெளிப்பக்கம் சிவந்து வரும். நாம் கொண்டாடும் கருப்பு-சிவப்புப் பானைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். ஆகவே நிறம் என்பது மண்ணின் குணம் மட்டும் இல்லை, அன்றைக்குச் சூளை போட்டவரின் முடிவும்கூட. சில சமயம் முடிவுகூட இல்லை, மழை.

இதனால் தமிழ்நாட்டில் ஒரு சாம்பல் ஓடு கையில் கிடைத்தால் அது பல காலத்தில் எதுவாகவும் இருக்கலாம். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது வந்த, சக்கரமே இல்லாமல் கையால் வனைந்த புதிய கற்காலச் சாம்பல் பானையாக இருக்கலாம். இரும்புக்கால முழுக்கருப்புப் பானை மங்கிப்போனதாக இருக்கலாம். அரிக்கமேட்டுப் புகழ் ரௌலட்டட் தட்டின் மெல்லிய, வழவழப்பான ஓரத்துண்டாக இருக்கலாம். சோழர் காலத்து அடுக்களைச் சட்டியாக இருக்கலாம். உங்கள் கொள்ளுப்பாட்டி மீன்குழம்பு வைத்துப் புகையேறிய சிவப்புச் சட்டியாகவும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்துக் காலம் சொல்கிறவன் ஜோசியன்.

தெரிந்தவர்கள் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். முதலில் ஓரத்தை. ஒரு மூலையில் சின்னதாகப் புது உடைப்பு ஏற்படுத்தி அதன் குறுக்குவெட்டைப் பார்த்தால், இரு பக்கமும் சிவந்து நடுவில் கருப்புக்கோடு ஓடுகிறதா என்று தெரியும். ஓடினால் மண்ணில் கலந்த உமியோ வைக்கோலோ முழுசாக எரியுமுன்பே சூடு அடங்கிவிட்டது என்று அர்த்தம். பத்து மடங்கு காட்டும் லென்ஸை வைத்தால் களிமண்ணோடு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியும்: ஆற்றுமணலா, மினுக்கும் அப்பிரகமா, உமி எரிந்த பள்ளமா, பழைய ஓட்டையே இடித்த தூளா. உள்பக்கம் விரலால் தடவினால் வரிவரியாகச் சக்கரம் சுற்றிய தடம் தட்டுப்படும். அல்லது உள்ளே கல்லை ஏந்தி வெளியே பலகையால் தட்டி மெலிதாக்கிய குழிகள் தட்டுப்படும். வாய்விளிம்பு கிடைத்தால் யோகம். அதன் வளைவை வட்டங்கள் வரைந்த அட்டையில் பொருத்தினால் வாயகலம் கிடைக்கும், வெளிநோக்கி மடிந்த விளிம்பா உள்நோக்கிய விளிம்பா என்பதிலிருந்து அது சட்டியா குடமா என்று ஓரளவு தெரியும். கரியை வைத்தும் சொல்லலாம். அடியில் கரி எரிந்துபோய் வெளுத்து, தோளில் அப்பியிருந்தால் பானை நேரடியாகத் தீயில் உட்கார்ந்திருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகும் சந்தேகம் இருந்தால் ஓர் அழகான சோதனை உண்டு. இரண்டு சாம்பல் ஓடுகளிலிருந்து ஆளுக்கொரு சின்னத் துண்டை உடைத்து, காற்றோட்டமுள்ள உலையில் மறுபடி சுடுவது. பழைய புகையெல்லாம் போய், மண்ணின் சொந்த நிறம் வெளியே வரும். ஒன்று செங்கல் மாதிரி சிவக்கும், இன்னொன்று வெளிறிய மஞ்சளாகும். பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள் போலிருந்தவை இரண்டு ஊர் மண். ஒரு துண்டு ஓட்டை இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகு இரண்டாவது முறை சூளையில் வைத்து 'உண்மையைச் சொல்' என்று கேட்பதை முதல்முறை படித்தபோது பட்டாபிராமில் இறங்க வேண்டிய நண்பரை இறங்கவிடாமல் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இன்றுவரை என்னோடு ஒரே பெட்டியில் ஏறுவதில்லை.

பகட்டான ஓட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலிய அரிட்டைன் கலங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் ரோமானிய வரலாற்றிலிருந்து துல்லியமாகத் தெரியும். கூடவே கிடைத்த ரௌலட்டட் தட்டுகளும் அந்தக் காலம்தான் என்று முடிவு கட்டினார். இரண்டு வருடம் கழித்து கர்நாடகத்தின் பிரம்மகிரிக்குப் போனார். அங்கே மேலடுக்கில் ரௌலட்டட், அதன் கீழே பெருங்கற்காலம், அதற்கும் கீழே கற்கோடாரி மக்களின் கையால் வனைந்த சொரசொரப்பான சாம்பல் பானைகள். மேலே உள்ள பகட்டு ஓட்டின் தேதியை ஆணியாக அடித்து, அங்கிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போட்டார். பெருங்கற்காலம் கி.மு. 200ஐ ஒட்டித் தொடங்குகிறது, கற்கோடாரிக்காரர்கள் கி.மு. முதல் ஆயிரமாண்டின் தொடக்கம் என்று வந்தது. பிறகு ஆல்சின் உட்னூரில் தோண்டி, கதிரியக்கக் கரிமக் கணக்குகள் வரத் தொடங்கியபோது தென்னிந்தியப் புதிய கற்காலம் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டுக்குப் போய் உட்கார்ந்தது. ஆயிரம் வருடத்துக்கு மேல் எங்கே போயிருந்தது? சாம்பல் பானைகள் அங்கேயேதான் இருந்தன. அவற்றுக்கென்று சொந்தத் தேதி தேட அப்போது கருவியும் இல்லை. வெளிநாட்டுத் தட்டுக்குக் கீழே கிடப்பவை என்பதே அவற்றின் அடையாளமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை. மத்தியதரைக் கடல் தொழில்நுட்பம் என்று வெகுகாலம் நம்பப்பட்ட அந்த ரௌலட்டட் தட்டின் மண்ணையே பிறகு ஆராய்ந்தார்கள். 1997இல் கோக்டே வங்கத்தின் சந்திரகேதுகர்-தம்லுக் பகுதி மண் என்றார். 2005இல் ஃபோர்டும் கூட்டாளிகளும் வேதியியல் முறையில் பார்த்து, வெவ்வேறு ஊர்களில் கிடைத்தவை ஒரே நிலப்பகுதி மண் என்றார்கள். அலங்காரம் சொன்ன கதை ஒன்று, மண் சொன்ன கதை வேறு.

வடக்கைப் பார்த்து நாம் சிரிக்கும் விஷயம் ஒன்றும் இங்கே உண்டு. 1950களின் தொடக்கத்தில் பி.பி. லால் அஸ்தினாபுரத்தில் தோண்டி, ஓவியம் தீட்டிய சாம்பல் கலங்களை மகாபாரதத்தோடு முடிச்சுப் போட்டார். அந்த ஓவியக் கலம் அந்த ஊர்களில் கிடைக்கும் மொத்த ஓட்டில் ஒரு சிறு பங்குதான். மீதி எல்லாம் பெயர் தெரியாத சாதா பானைகள். ஆனால் பண்பாட்டுக்கே ஓவியக் கலத்தின் பெயர். பாண்டவர்கள் சாப்பிட்ட தட்டு என்று சொன்னால் நாம் கெக்கலிக்கிறோம். தப்பில்லை. ஆனால் சிறுபான்மை ஓட்டை எடுத்துக்கொண்டு காவியத்தோடு தைக்கும் அதே ஊசிதான் நம் கையிலும் இருக்கிறது, நூல்தான் வேறு. 2025 ஜனவரியில் வெளியான கீறல் குறியீடுகள் ஆய்வுக்காக 140 இடங்களிலிருந்து 15,000க்கும் மேற்பட்ட கீறல் ஓடுகளைத் தொகுத்திருக்கிறார்கள். பெரிய உழைப்பு, நான் மதிக்கிறேன். சிந்து எழுத்தைப் படித்துக்காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசும் அறிவித்தாயிற்று. அதே 140 இடங்களின் கீறல் இல்லாத ஓடுகளுக்கு ஒரு பொதுத் தரவுத்தளம் வேண்டும் என்று யாராவது போஸ்டர் ஒட்டியிருக்கிறோமா?

சாதா பானையால் என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் தென்மேற்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் புயெப்லோ பொனிட்டோ என்ற பிரம்மாண்டமான கற்கட்டடம் இருக்கிறது. 1920களில் நீல் ஜட் அதைத் தோண்டினார். அங்கே வெள்ளையில் கருப்புக் கோடுகள் தீட்டிய அழகுப் பானைகளும் உண்டு; களிமண் திரிகளை அடுக்கி விரலால் அழுத்திய சுருக்கங்களோடு, சமைத்துச் சமைத்துக் கரியேறிய சாம்பல் பானைகளும் உண்டு. அன்னா ஷெப்பர்ட் என்ற பெண்மணி ஓடுகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். பல பானைகளின் மண்ணில் டிராக்கைட் என்ற எரிமலைப் பாறையின் தூள் கலந்திருந்தது. அது சாக்கோவில் கிடையாது. மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுஸ்கா மலைப்பக்கம் கிடைப்பது. அப்படியென்றால் சோளக் கஞ்சி காய்ச்சும் அற்பச் சட்டியை, சுமை மிருகமும் வண்டியும் இல்லாத ஊரில், மனிதர்கள் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சமையல் பானை எந்த ஊரிலும் உள்ளூரில் செய்வதுதானே என்று நினைத்த ஜட் ஏற்கத் தயங்கினார். பிறகு வந்த ஆய்வுகள் ஷெப்பர்ட் பக்கம் நின்றன. அந்தக் கட்டடங்களின் மரங்களில் பலவும் அதே மலையிலிருந்து வந்தவை என்று பின்னால் தெரிந்தது. ஒரு நகரத்தை யார் சோறுபோட்டுத் தாங்கினார்கள் என்ற கேள்விக்கான நூல்முனை, அழகுப் பானையை மட்டும் பார்த்தவர்கள் கையில் சிக்கியிருக்காது.

இது நம்மால் முடியாத காரியமும் இல்லை. கீழடி ஓடுகளின் மாதிரிகள் வேலூர் வி.ஐ.டி. வழியாக இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்துக்குப் போய், தண்ணீர்ப் பானைகளும் சமையல் பாத்திரங்களும் உள்ளூர் மண்ணிலேயே செய்யப்பட்டவை என்று பதில் வந்தது. அறிக்கையில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இது கி.மு. 580க்கு நிகரான செய்தி. கீழடியில் பானை வனைந்தவர்கள் இருந்தார்கள். எங்கே மண் எடுத்தார்கள், எத்தனை சூளை, எவ்வளவு விறகு? அதே வைகைக் கரையில் மானாமதுரையில் இன்றைக்கும் கடம் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. மண்ணைத் தொட்டாலே அதன் ஒட்டுத்தன்மை சொல்லக்கூடியவர்கள். ஓட்டைக் கொண்டுபோய் அவர்களிடம் காட்டி ஒரு வருடம் உட்கார்ந்து கேட்டால் ஒரு புத்தகம் வரும். அதற்கு ஹேஷ்டேக் கிடையாது.

சட்டியின் சுவருக்குள் ஊறிய கொழுப்பை வேதியியலால் பிரித்தெடுக்கவும் இப்போது முடிகிறது. அக்ஷ்யேதா சூர்யநாராயணும் மற்றவர்களும் ராக்கிகடி உள்ளிட்ட வடமேற்கு இந்திய ஊர்களின் சிந்துவெளிக்காலப் பானைகளில் இதைச் செய்து, விலங்குக் கொழுப்பே அதிகம் என்று சொன்னபோது சிலருக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த உண்மையைச் சொன்னது முத்திரை இல்லை, எழுத்து இல்லை. அடிபிடித்த பானை. நம் தாமிரபரணிக் கரைச் சட்டிகளில் என்ன ஊறியிருக்கிறது? திணைக்குத் திணை உணவு பற்றிப் பக்கம்பக்கமாக எழுதுகிற இலக்கிய நண்பர்களே, பாட்டில் இருக்கும் சோறு பானையிலும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இல்லையா?

ஆனால் அதற்குச் சட்டி மிச்சமிருக்க வேண்டும். உலகம் முழுக்க அகழாய்வில் ஒரு வழக்கம் உண்டு. குழியிலிருந்து வரும் ஓடுகளைக் கழுவி, காயவைத்து, முற்றத்தில் கட்டம் போட்டுப் பரப்புவார்கள். விளிம்பு, அடிப்பாகம், மூக்கு, அலங்காரம், எழுத்து உள்ளவை ஒருபக்கம் எடுக்கப்படும். வெறும் உடல்துண்டுகளை எண்ணிக் குறித்துவிட்டுக் கழித்துவிடுவார்கள். டன் கணக்கில் வரும் ஓட்டை எங்கே வைப்பது என்பது உண்மையான பிரச்சினை. கிண்டல் செய்ய மாட்டேன். எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. எடைபோடு, மண்வகை பிரித்து எண்ணு, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் தேர்ந்தெடுக்காத ஒரு மாதிரி மூட்டையைக் கழுவாமல் எடுத்துவை, எண்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் வகையில் வெளியிடு. கடைசியில் சொன்னதற்குச் செலவே இல்லை. படமாக ஸ்கேன் செய்த அட்டவணையை வரிவரியாகத் தட்டச்சு செய்து ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

என் தொழில்காரர்களையும் விடப்போவதில்லை. ஃபோட்டோ எடுத்தால் எந்தக் காலத்துப் பானை என்று சொல்லும் செயலி செய்யலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள் சிலர். பயிற்சிக்குப் படம் எங்கிருந்து என்றேன். அருங்காட்சியகத்திலிருந்தும் அறிக்கைகளின் வண்ணப் பக்கங்களிலிருந்தும். அதாவது பொறுக்கி எடுத்த அழகு ஓடுகள் மட்டும். அந்த இயந்திரத்திடம் கரிபிடித்த சாம்பல் துண்டைக் காட்டினால், தெரிந்த நாலில் ஒன்றைத் தைரியமாகச் சொல்லும். இயந்திரங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம் அதிகம். அதோடு, படத்தில் நிறம்தான் தெரியும், ஓர உடைப்பு தெரியாது, சொரசொரப்பு தெரியாது, எந்த ஆழத்தில் கிடந்தது என்பது தெரியவே தெரியாது.

அந்த ஆழம்தான் எங்கள் ஊர்ப்பக்கம் தினமும் லாரியில் போய்க்கொண்டிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். சென்னை மேற்கே வீங்க வீங்க, மனை போடுகிறவர்களுக்குத் தரை உயர்த்தச் சவுடு மண் வேண்டும், ஏரியிலிருந்து எடுக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மனைக்குக் கொட்டிய சவுட்டில் ஓடுகள் கிடந்தன. பெரும்பாலும் சிவப்பு, நாலைந்து சாம்பல், ஒன்றில் தோள்வரை கரி. எதுவும் பழையதென்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதுதான் விஷயமே. மண்ணோடு வந்த ஓட்டுக்கு அடுக்கு கிடையாது, பக்கத்தில் கிடந்த எலும்போ கரித்துண்டோ கிடையாது. இடம் தொலைந்த ஓடு, தேதி கிழிந்த கடிதம். "ஓடுதானே சார், எல்லா ஏரியிலயும் கிடக்கும்" என்றார் மேஸ்திரி. எல்லா ஏரியிலும் கிடக்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று அவரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

இது ஒன்றும் வெற்று நிலம் இல்லை. 1863இல் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடாரியை எடுத்த அதே வருடம் அத்திரம்பாக்கத்துக்கும் வந்தார். அங்கே கிடைத்த கருவிகளுக்கு இப்போது பதினைந்து லட்சம் வருடம் சொல்கிறார்கள். திருவள்ளூரைத் தாண்டி பட்டறைப்பெரும்புதூரில் 2015-16இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவியிலிருந்து தமிழி எழுத்து ஓடுவரை வந்தது. நடுவில் இருக்கும் ஏரிகளும் மேடுகளும் மட்டும் வாய்மூடியா இருந்திருக்கும்? 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் மண்ணில் கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் ஆட்சியரிடம் சொல்லச் சொல்கிறது. கரிச்சட்டி ஓட்டுக்குப் பத்து ரூபாய் யார் தருவார்கள்? சட்டமும் பகட்டைத்தான் காக்கிறது.

எங்கள் ஊரில் பூசலார் கதை சின்னப்பிள்ளைக்கும் தெரியும். காஞ்சியில் பல்லவன் கல்லால் கோயில் கட்டிக் குடமுழுக்கு நாள் குறிக்க, கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள் கட்டிய கோயிலுக்கு அதே நாளில் போய்விட்டார் சிவன். கதை கேட்டுக் கண்கலங்கும் அதே ஊரில், காசில்லாதவன் சோறாக்கிய சட்டியை ஜேசிபி அள்ளும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்தியும் தொல்லியலும் வேறுவேறு என்பீர்கள். இருக்கட்டும்.

"முதல்ல நம்ம பழமைய நிரூபிப்போம், அப்புறம் சட்டி பானைய பார்க்கலாம்" என்று ஒரு நண்பர் சொன்னார். இந்த 'அப்புறம்' என்ற வார்த்தைதான் எனக்குப் பயம். ஆவணக்காப்பகத்தில் கல்வெட்டுப் படி அப்புறமும் இருக்கும். எழுத்துள்ள ஓடு கண்ணாடிப் பெட்டியில் அப்புறமும் இருக்கும். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு நானும் போனேன், அருமையாகக் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் இல்லாமல் போகப்போவது கழித்துக்கட்டிய உடல்துண்டும், சவுட்டோடு போகும் அடுக்கும்தான். பழமையை நிரூபிக்கிற தேதிகூட, பிரம்மகிரியில் பார்த்தோமே, அந்த அற்ப ஓடுகள் கிடந்த அடுக்கிலிருந்துதான் வரவேண்டும்.

வானம் தோண்டும்போதோ ஏரிக்கரையிலோ ஓடுகள் கண்ணில் பட்டால் பொறுக்கிக்கொண்டு வந்து ஷோகேஸில் வைக்காதீர்கள். ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து அளவு தெரியப் படம் எடுங்கள், குழியின் பக்கச்சுவரையும் சேர்த்து. தரையிலிருந்து எத்தனை அடி கீழே என்று குறியுங்கள். கரி இருக்கிறதா, சாம்பல் அடுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் தேதி போட்டு எழுதியது இருக்கும். கொட்டிய மண் என்றால் லாரி கிளம்புவதற்குள் ஓட்டுநரிடம் எந்த ஏரி, எந்தப் பக்கத்துக் கரை, எவ்வளவு ஆழத்தில் வெட்டுகிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டே மூன்றுக்கும் பதில் சொன்னார்.